நாலடிக்கு இரண்டடி: முதல் மாடல் ரயில் லேஅவுட் போடுகிறவர்களுக்கு

மாடல் ரயிலில் இறங்குகிறவர்கள் முதலில் வாங்குவது இன்ஜினைத்தான். கண்ணைப் பறிக்கிற ஒரு இன்ஜின், அதற்கேற்ற நாலைந்து பெட்டிகள். மிச்சமிருக்கும் பணத்தில் ஏதோ ஒரு தண்டவாளம், ஏதோ ஒரு கன்ட்ரோலர். பிறகு வண்டி வளைவில் தடுமாறும், பாயிண்ட்டில் (பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில்) நிற்கும், விரலால் தள்ளினால்தான் நகரும். கொஞ்ச நாளில் எல்லாம் பெட்டிக்குள் போய்விடும். முதல் லேஅவுட்டில், அதாவது பலகைமேல் அமைக்கும் முதல் ரயில்பாதையில், பணம் போக வேண்டிய வரிசை இதற்கு நேர் எதிரானது: தண்டவாளமும் பாயிண்ட்டும் முதலில், கன்ட்ரோலர் அடுத்து, இன்ஜின் அதற்கும் பிறகு, வீடு மரம் மலையெல்லாம் கடைசியில். எளிய இன்ஜின்கூட நல்ல பாதையில் அழகாக ஓடும். மோசமான பாதையில் எந்த இன்ஜினும் ஓடாது.

அளவுக்கு 4 அடிக்கு 2 அடி போதும். மில்லிமீட்டரில் சுமார் 1200 × 600. கட்டிலுக்கு அடியில் தள்ளிவைக்கலாம், சுவரோடு நிமிர்த்தி வைக்கலாம், ஒரே ஆள் தூக்கலாம். முடிக்கவும் முடியும் என்பதுதான் இதில் முக்கியம்.

எந்த ஸ்கேல்?

ஸ்கேல் என்பது நிஜ வண்டியை எத்தனை மடங்கு சுருக்குகிறோம் என்ற விகிதம். உலகில் அதிகம் புழங்குவது எச்ஓ. அதன் விகிதம் 1:87, தண்டவாள அகலம் 16.5 மி.மீ. அடுத்தது என்-ஸ்கேல்: 1:160, அகலம் 9 மி.மீ. ஜப்பானியத் தயாரிப்புகள் பெரும்பாலும் 1:150, பிரிட்டிஷ் தயாரிப்புகள் 1:148. ஆனால் மூன்றும் அதே 9 மி.மீ. பாதையில்தான் ஓடும், கலந்து வாங்கலாம்.

எச்ஓவில் சாதாரண செட்டுகளில் வரும் வளைவின் ஆரம் 18 அங்குலம், அதாவது 457 மி.மீ. முழு வட்டம் போட்டால், ஓர இடத்தையும் சேர்த்து, ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம் வேண்டும். அமெரிக்காவில் 8 அடிக்கு 4 அடி ப்ளைவுட் முதல் லேஅவுட்டின் அடையாளமாகவே ஆனதற்கு இதுதான் காரணம். ஆனால் மனிதன் ஒரு பக்கமாக நின்று வசதியாகக் கை நீட்டக்கூடியது 600 முதல் 750 மி.மீ. வரைதான். 4 அடி அகலப் பலகை என்றால் சுற்றிவர நாலு பக்கமும் இரண்டடி வழி விட வேண்டும். 8க்கு 4 பலகை, கணக்குப் பார்த்தால் 12க்கு 8 அறை ஆகிவிடுகிறது. நம் அடுக்குமாடி வீடுகளில் அது ஒரு முழு படுக்கையறை.

அதனால் என்-ஸ்கேல். இதற்கும் ஒரு விலை உண்டு. சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் மிகச் சிறியது, இன்ஜினும் எடை குறைந்தது. தூசுக்கு எச்ஓவைவிட என்-ஸ்கேல் பல மடங்கு கோபித்துக்கொள்ளும். கண் பார்வையோ விரல் நிதானமோ இடம் கொடுக்காதவர்கள் எச்ஓவிலேயே, வட்டம் போடாமல், 6 அடிக்கு 1 அடி அலமாரித் தட்டில் இரண்டு மூன்று பாயிண்ட்டுடன் ஒரு கூட்ஸ் யார்டு மட்டும் போடலாம். அதுவும் நல்ல தொடக்கமே.

நம் அகல ரயில்பாதை 1676 மி.மீ. அதை 160ஆல் வகுத்தால் 10.5 மி.மீ. வரும். 9 மி.மீ. பாதையில் ஓடும் இந்திய வண்டி கொஞ்சம் ஒடுங்கித்தான் தெரியும். பார்க்கிறவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இதைக் கவனிப்பதில்லை. மீட்டர் கேஜ் (நிஜத்தில் 1000 மி.மீ.) 6.25 மி.மீ. ஆகும். அதற்கு இன்னும் சிறிய இசட்-ஸ்கேலின் 6.5 மி.மீ. பாதை கிட்டத்தட்டப் பொருந்தும். ஊட்டி மலை ரயில் போட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நிறைய. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடி போனால் 1 அடி ஏறும் செங்குத்து அது. நிஜ வண்டியே பல்தண்டவாளத்தைப் பிடித்துத்தான் ஏறுகிறது. வழுக்கும் சக்கரம் கொண்ட மாடலும் அதில் ஏறாது. அந்த ஆசையை மூன்றாவது லேஅவுட்டுக்கு ஒத்திவைப்பது நல்லது.

பாதைத் திட்டம்

கீழே சொல்லும் அளவுகள் ஜப்பானின் காட்டோ நிறுவனத்தின் யூனிட்ராக் தண்டவாளத்துக்கு. இதில் ஜல்லிப் படுகையும் தண்டவாளமும் ஒன்றாகவே வார்க்கப்பட்டிருக்கும். துண்டுகளைச் சொருகினால் பாதை தயார், பிடிக்காவிட்டால் கழற்றி வேறு மாதிரி போடலாம். முதல் தடவை போடுகிறவருக்கு இந்த வசதி பெரிது. டோமிக்ஸ், பெக்கோ செட்ராக் ஆகிய தண்டவாளங்களிலும் திட்டக் கணக்கின் தர்க்கம் இதேதான், எண்கள் மாறும்.

பெயரில் உள்ள எண் மில்லிமீட்டரில்: ஆர் என்றால் வளைவின் ஆரம், எஸ் என்றால் நேர்த்துண்டின் நீளம். ஆர்249 வளைவு எட்டுத் துண்டு சேர்ந்தால் முழு வட்டம். விட்டம் 498 மி.மீ., படுகை அகலம் 25 சேர்த்து 523. 600 மி.மீ. பலகையில் இரு ஓரமும் சுமார் 38 மி.மீ. மிஞ்சும். ஆர்282 போட்டால் வளைவு இன்னும் நளினமாக இருக்கும். ஆனால் ஓரத்தில் மிஞ்சுவது 6 மி.மீ.கூட இல்லை. தடம் புரண்ட வண்டி நேரே தரைக்குத்தான் போகும்.

ஒவ்வொரு நேர்ப்பக்கத்திலும் 4ஆம் எண் பாயிண்ட் ஒன்று, 126 மி.மீ. அதோடு எஸ்248 இரண்டு. கூட்டினால் 622. வட்டத்தின் 523ஐயும் சேர்த்தால் மொத்த நீளம் 1145, பலகை 1200. இரு முனையிலும் 27 மி.மீ. இடம்.

வாங்க வேண்டியவை: ஆர்249 வளைவு 8, எஸ்248 நேர்த்துண்டு 6, 4ஆம் எண் பாயிண்ட் இடது ஒன்று வலது ஒன்று, ஆர்481 பதினைந்து பாகை வளைவு ஒன்று, முடிவுத் தடுப்புத் துண்டு 2, மின் இணைப்பு ஜாயினர் (ஒயர் பொருத்திய தண்டவாள இணைப்பி) 2 ஜோடி. ஆர்481 துண்டு பாயிண்ட்டோடு வருகிறதா என்று பெட்டியைப் பார்த்துவிட்டுத் தனியாக வாங்குங்கள்.

இடது பாயிண்ட்டை முன்பக்க நேர்ப்பாதையின் இடது முனையில் வையுங்கள், நாக்கு முனை (நகரும் தண்டவாளம் இருக்கும் பக்கம்) இடப்புறம் பார்க்கட்டும். கிளைப்பாதை உள்பக்கமாகப் பிரியும். அதில் ஆர்481ஐ எதிர்வளைவாகப் போட்டால் கிளை, பிரதான பாதையிலிருந்து 33 மி.மீ. தள்ளி இணையாக வந்துவிடும். பிறகு ஒரு எஸ்248, அதன் முனையில் தடுப்பு. இது ஸ்டேஷன் சைடிங். பின்பக்கத்தில் வலது பாயிண்ட், அதுவும் இடது முனையில், நாக்கு முனை இடப்புறமாகவே. இங்கே எதிர்வளைவு வேண்டாம். பதினைந்து பாகைச் சாய்விலேயே எஸ்248ஐ ஓடவிட்டுத் தடுப்பு வையுங்கள். கூட்ஸ் ஷெட்டுக்கு அந்தச் சாய்வு அழகு. எல்லாமே பலகை ஓரத்துக்கு இணையாகப் போனால் பொம்மை செட் களை வந்துவிடும்.

எல்லோரும் அடுத்துக் கேட்பது: இரண்டு பக்கமும் பாயிண்ட் வைத்து லூப் லைன் (இரு முனையும் பிரதான பாதையோடு சேரும் கிளை) போடக்கூடாதா? போடலாம், ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு பாயிண்ட்டும் அதன் எதிர்வளைவும் சேர்ந்து சுமார் 249 மி.மீ. நீளத்தைத் தின்னும். இரு பக்கமும் சேர்த்து 498. 622இல் மிஞ்சுவது 124 மி.மீ. நேர்ப்பாதை. பெரம்பூர் ஐசிஎஃப் பெட்டியின் நீளம் 21.3 மீட்டர், 1:160இல் 133 மி.மீ. ஒரு பெட்டிகூட நேராக நிற்காத லூப் எதற்கு?

லூப் இல்லாமலேயே ஷண்டிங் (பெட்டிகளைப் பிரித்து இடம் மாற்றுவது) செய்யலாம் என்பது பலருக்கு உடனே தோன்றுவதில்லை. வட்டப்பாதையே ஒரு பெரிய லூப்தான். வேகன்களைப் பிரதான பாதையில் விட்டுவிட்டு இன்ஜினைக் கழற்றி மறுபுறமாகச் சுற்றிக் கொண்டுவந்தால் அது வேகன்களின் அடுத்த முனையில் வந்து நிற்கும். ஒரு பாயிண்ட் இடது, ஒன்று வலது என்று வைத்தது அதற்காகத்தான். வண்டி எந்தத் திசையில் ஓடினாலும் ஒரு சைடிங்குக்குப் பின்னால் தள்ளிக்கொண்டே போய்விடலாம். இன்னொன்றுக்கு இன்ஜினைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். நாலு வேகனை இடம் மாற்றி வைக்கவே அரை மணி நேரம் பிடிக்கும், அந்த அரை மணி நேரம்தான் இந்தப் பொழுதுபோக்கின் ருசி.

மேம்பாலம் போட்டு எட்டு வடிவத்தில் ஒரு பாதை என்பது அடுத்த சபலம். என்-ஸ்கேலில் ஒரு வண்டியின் மேல் இன்னொன்று போக ஏறக்குறைய 50 மி.மீ. உயரம் வேண்டும். 2 சதவீத ஏற்றம் என்றால் ஏறுவதற்கு 2.5 மீட்டர், இறங்க இன்னொரு 2.5 மீட்டர். நம் முழுச் சுற்றே 2.8 மீட்டர். ஏற்றத்தைக் கூட்டிப் போட்டால் இன்ஜின் இரண்டு பெட்டிக்கு மேல் இழுக்காது. சமதளம் போதும்.

வண்டியை இந்த வளைவுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்க வேண்டும். வளைவின் ஆரம் வண்டி நீளத்தைப்போல் மூன்று மடங்காவது இருந்தால் நம்பி ஓட்டலாம் என்பது மாடல் ரயில்காரர்களின் பழைய கணக்கு. 249ஐ மூன்றால் வகுத்தால் 83 மி.மீ. நாற்பதடி அமெரிக்க பாக்ஸ் கார் 76 மி.மீ., தாராளமாக உள்ளே அடங்கும். இரண்டு அச்சு வேகன்கள் இன்னும் நல்லது. 133 மி.மீ. பெட்டிகளும், கப்ளிங் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) போகியோடு (சக்கரத் தொகுதியோடு) சேர்ந்து திரும்பும் வகையாக இருந்தால், பெரும்பாலும் ஓடிவிடும். ஆனால் வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்ளே இழுத்துக்கொண்டும் முனைகள் வெளியே துருத்திக்கொண்டும் தெரியும். இன்ஜினில் நாலு அச்சு டீசலோ சிறிய நீராவி டேங்க் இன்ஜினோ போதும். ஆறு அச்சுப் பெரிய இன்ஜின் இந்த வட்டத்தில் பரிதாபமாக இருக்கும்.

பலகை

1½ அங்குலம் × ¾ அங்குல மர ரீப்பரில் 1200 × 600 சட்டம், குறுக்கே 400 மி.மீ.க்கு ஒன்றாக இரண்டு கட்டை. ரீப்பரை ¾ அங்குல முகத்தில் நிறுத்தி வைத்து அடிக்க வேண்டும், படுக்கவைத்தால் வளையும். மேலே 6 மி.மீ. ப்ளைவுட், அதற்கு மேல் 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் நுரைப்பலகை. மொட்டைமாடி வெப்பத் தடுப்புக்குப் போடும் அதே பலகைதான். 1250 × 600 மி.மீ. அளவில் கிடைப்பதால் ஒரே ஒரு வெட்டு போதும். நுரையின் உபயோகம் கீழ்நோக்கிய நிலத்துக்கு: ஒரு வாய்க்கால், சிறு பள்ளம், குளம் எதுவானாலும் கத்தியால் குடைந்துவிடலாம்.

தெர்மோகோல் வேண்டாம். வெட்டும்போது உதிரும் மணிகள் நிலைமின்சாரத்தில் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு கடைசியில் இன்ஜினின் பல்சக்கரத்துக்குள் போகும். நுரை எதுவானாலும் கரைப்பான் கலந்த ரப்பர் பசையும் ஸ்ப்ரே பெயின்ட்டும் அதைக் கரைத்துக் குழியாக்கிவிடும். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே சரி. ஆனால் இரண்டு பெரிய பரப்புகளுக்கு நடுவில் அது காய நேரமாகும். பசை போட்டு மேலே சமமாகப் பாரம் வைத்து இரண்டு நாள் விடுங்கள்.

ப்ளைவுட்டின் இரு பக்கத்துக்கும் நாலு ஓரத்துக்கும் பிரைமர் அடிப்பதைத் தவறவிடக் கூடாது. மேல்பக்கம் மட்டும் அடித்தால் சென்னை, நாகை போன்ற கடலோர ஈரத்தில் கீழ்ப்பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை வளையும். பலகை நடுவில் 2 மி.மீ. உயர்ந்தாலும் பாதை இணைப்புகளில் அது தெரியும். பால்கனியும் ஆகாது. மதிய வெயிலில் பிளாஸ்டிக் தண்டவாளக் கட்டைகள் முறுக்கிக்கொள்ளும்.

சொருகுவதில் உள்ள நுணுக்கம்

தண்டவாளத் துண்டை இன்னொன்றோடு சேர்க்கும்போது தண்டவாளத்தின் அடிப்பாகம் ஜாயினரின் உள்ளே வழுக்கிச் செல்ல வேண்டும். சில சமயம் உள்ளே போகாமல் ஜாயினரின் மேலே ஏறி உட்கார்ந்துவிடும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும், படுகையும் 'க்ளிக்' என்று மாட்டியிருக்கும். கண்ணைப் பலகை மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பார்த்தால்தான் ஒரு தண்டவாளத்தின் தலை இன்னொன்றைவிட அரை மில்லிமீட்டர் உயர்ந்து நிற்பது தெரியும். புதியவர்களின் தடம்புரளலில் பெரும்பங்கு இந்த ஒரு தப்பினால்தான்.

ஒவ்வொரு இணைப்பிலும் விரல்நகத்தைத் தண்டவாளத்தின் மேலேயும், பிறகு உள்விளிம்பிலும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கே தட்டுகிறதோ அங்கே சக்கரமும் தட்டும். பாயிண்ட்டின் நாக்கு முனையிலும் இதே சோதனை. நாக்கு பக்கத் தண்டவாளத்தோடு ஒட்டி மறைந்து நிற்க வேண்டும். துருத்தினால் சக்கர விளிம்பு அதில் ஏறி வண்டி இரண்டு பாதையிலும் கால் வைக்கும். நுண்ணிய அரத்தால் நாக்கின் முனையை, உள்பக்கமாக மட்டும், இரண்டு மூன்று இழுப்பு இழுத்தால் சரியாகும். அதற்குமேல் அராவ வேண்டாம், எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

பாதையை உடனே ஒட்டிவிடாதீர்கள். பலகைமேல் சும்மா வைத்து ஒரு வாரமாவது ஓட்டுங்கள். இருக்கும் வண்டிகளில் நீளமானதைக் கட்டி, இழுத்தும் பின்னால் தள்ளியும், இரு திசையிலும், பாயிண்ட் இரு நிலையிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். தள்ளுவதுதான் கடுமையான சோதனை. இழுக்கும்போது மறைந்திருக்கும் குறையெல்லாம் தள்ளும்போது வெளியே வரும்.

தடம் புரண்டால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான். எல்லா வண்டியும் ஒரே இடத்தில் புரள்கிறதா, ஒரே வண்டி எல்லா இடத்திலும் புரள்கிறதா? முதலாவது என்றால் பாதையில் குறை. இரண்டாவது என்றால் அந்த வண்டியின் சக்கர இடைவெளியோ எடையோ சரியில்லை. சக்கர இடைவெளியைப் பார்க்க என்எம்ஆர்ஏ அளவுத்தகடு ஒன்று வாங்கிக்கொள்ளலாம். 1935இல் தொடங்கிய அந்த அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் அளவுகோல்களைப் பல தயாரிப்பாளர்கள் பின்பற்றுகிறார்கள். எடைக்கும் அவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: என்-ஸ்கேலில் அரை அவுன்ஸ், அதோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் 0.15 அவுன்ஸ். மூன்றங்குல வேகன் என்றால் சுமார் 27 கிராம். குறைந்தால் உள்ளே தூண்டில் ஈயக்குண்டோ சிறு வாஷரோ ஒட்டலாம், அச்சுகளுக்கு நடுவில், தாழ்வாக.

மின்சாரம்

வெளிநாட்டிலிருந்து செட் வாங்குகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும். ஜப்பானில் விற்கும் பவர்பேக் (சுவர் மின்சாரத்தில் சொருகும் கன்ட்ரோலர்) 100 வோல்ட்டுக்கானது, அமெரிக்காவில் விற்பது 120 வோல்ட்டுக்கானது. நம் பிளக்கில் வருவது 230. அடாப்டர் மூலம் முள்ளை மட்டும் மாற்றிச் சொருகினால் அன்றோடு அது முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும், அல்லது உள்ளூரிலேயே கன்ட்ரோலரை அமைத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளூர் வழி கடினமில்லை. 12 வோல்ட் 1 ஆம்பியர் டிசி அடாப்டர், ஒரு பிடபிள்யூஎம் (மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக விடும்) மோட்டார் வேகக் கட்டுப்பாட்டு போர்டு, நடுவில் ஆஃப் நிலை உள்ள டிபிடிடி (திசை மாற்றும் இரட்டை) ஸ்விட்ச், 1 ஆம்பியர் ஃபியூஸ். சென்னை ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும். என்-ஸ்கேல் இன்ஜின் ஒன்று அரை ஆம்பியருக்கும் குறைவாகத்தான் எடுக்கும், ஆகவே பெரிய சப்ளை தேவையில்லை. தண்டவாளத்தில் திருகாணி விழுந்து ஷார்ட் ஆகும்போது பெரிய சப்ளைதான் ஆபத்து.

டிபிடிடி ஸ்விட்ச்சில் ஆறு முனை இருக்கும். ஒரு ஓரத்து ஜோடியில் சப்ளை. அந்த ஜோடியிலிருந்து மறு ஓரத்து ஜோடிக்குக் குறுக்கும் மறுக்கும் இரண்டு ஒயர். நடு ஜோடி தண்டவாளத்துக்கு. ஸ்விட்ச்சை இப்படி அப்படித் தட்டினால் வண்டி முன்னும் பின்னும் போகும். ஓடிக்கொண்டிருக்கும்போது தட்டக் கூடாது, பல்சக்கரம் போய்விடும். மலிவு போர்டுகள் சில நூறு ஹெர்ட்ஸில் வேலை செய்யும்போது மோட்டார் ரீங்கரிக்கும். கோர்லெஸ் (இரும்பு உள்மையம் இல்லாத) மோட்டார் உள்ள இன்ஜின் அந்தத் துடிப்பில் சூடாகும். 20 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஓடும் போர்டைக் கேட்டு வாங்குங்கள்.

பாதைக்கு இரண்டு இடத்தில் மின் இணைப்பு, முன்பக்க நடுவில் ஒன்று, பின்பக்க நடுவில் ஒன்று. ஒன்றே போதும் என்றுதான் தோன்றும். புதிதில் ஓடவும் ஓடும். ஆனால் ஒவ்வொரு ஜாயினரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து அழுக்கேறும்போது இணைப்பிலிருந்து தூரமான முனையில் வண்டி மந்தமாகும். 14/36 ஹூக்அப் ஒயர் போதும். உள் தண்டவாளத்துக்குக் கறுப்பு, வெளித் தண்டவாளத்துக்குச் சிவப்பு என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டு அதை எங்கேயும் மாற்றாதீர்கள். இரண்டாவது இணைப்பை மாற்றிக் கொடுத்தால் நேரடி ஷார்ட்.

பாயிண்ட்டை இயக்கும் காந்தச்சுருளுக்கு ஒரு நொடியின் சிறு பகுதி மின்சாரம் போதும். அதற்கென்று விற்கும் ஸ்விட்ச் அப்படித்தான் கொடுக்கும். சாதாரண ஸ்விட்ச்சை மாட்டி ஆனில் விட்டால் சுருள் கருகிவிடும். இரண்டு பாயிண்ட்டுக்கு மின் இயக்கமே தேவையில்லை என்பது நம் கருத்து. பக்கத்திலிருக்கும் கைப்பிடியை விரலால் தள்ளினால் போதும், பலகை இரண்டடிதானே. 4ஆம் எண் பாயிண்ட்டின் அடியிலுள்ள திருகுகளை மாற்றி, பாயிண்ட் அந்தப் பக்கம் திறந்தால் மட்டுமே சைடிங்குக்கு மின்சாரம் போகும்படி வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்தால் ஒரு இன்ஜினை சைடிங்கில் தூங்கவிட்டு இன்னொன்றை ஓட்டலாம், கன்ட்ரோலர் ஒன்றே போதும்.

பெக்கோவின் எலெக்ட்ரோஃப்ராக் பாயிண்ட் வாங்கியவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அதன் நடுக்குறுக்கு (இரு பாதையின் தண்டவாளங்கள் குறுக்கிடும் இடம்) உலோகம், பாயிண்ட் திரும்பும்போது மின்முனையும் மாறும். வட்டப்பாதையில் மறுபக்கமாகச் சுற்றி வரும் மின்சாரம் அதோடு மோதி ஷார்ட் ஆகும். நடுக்குறுக்கிலிருந்து வெளியேறும் உள்தண்டவாளங்களில் பிளாஸ்டிக் ஜாயினர் போட்டால் தீர்ந்தது.

டிசிசி (ஒவ்வொரு இன்ஜினையும் டிஜிட்டல் கட்டளையால் தனித்தனியாக ஓட்டும் முறை) இப்போது வேண்டுமா? ஒரு இன்ஜின், ஒரு ஆள், ஒரு வட்டம் என்ற நிலையில் வேண்டாம். பிறகு மாற்றும் எண்ணம் இருந்தால் டிகோடர் (அந்தக் கட்டளையைப் படிக்கும் சிறு போர்டு) சாக்கெட் உள்ள இன்ஜினாக வாங்கிவைத்தால் போதும், பாதையில் எதையும் மாற்ற வேண்டியிருக்காது.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. 2.8 மீட்டர் சுற்று, 160ஆல் பெருக்கினால் 450 மீட்டர். நிஜத்தில் 40 கி.மீ. வேகத்தில் போகும் கூட்ஸ் வண்டி இந்தச் சுற்றை முடிக்க 40 நொடி எடுக்க வேண்டும். 20 நொடியில் முடித்தால் அது 80 கி.மீ. கடிகாரம் வைத்துப் பார்த்தால் நம் கை எவ்வளவு அவசரப்படுகிறது என்று தெரியும்.

நிலமும் மரமும்

ஒரு வாரச் சோதனை முடிந்த பிறகுதான் பாதையை ஒட்ட வேண்டும். துண்டுக்கு இரண்டு பொட்டு வெள்ளைப் பசை, அவ்வளவுதான். பாயிண்ட்டுக்கு அடியில் பசை வைக்கவே கூடாது, அது பழுதானால் கழற்ற வேண்டும்.

நிஜ ஜல்லி 50 மி.மீ. என்றால் 1:160இல் அது 0.3 மி.மீ., ஏறக்குறைய ரவையைவிடச் சிறியது. எம்-சாண்ட்டை மாவுச் சல்லடையில் சலித்து, விழுந்ததிலிருந்து பொடித்தூசியைத் துணியில் வடிகட்டி நீக்கினால் நடுவில் கிடைப்பது சரியான அளவு. பயன்படுத்தும் முன் ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி மணலுக்குள் நாலு முறை அலசுங்கள். கறுப்பாகப் பொடி ஒட்டிக்கொண்டு வரும். அதை விட்டுவைத்தால் இன்ஜின் மோட்டாரின் காந்தம் ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். செம்மண்ணுக்கும் இதே காந்தச் சோதனை வேண்டும், கூடவே வாணலியில் வறுத்து எடுத்தால் பூச்சி முட்டைகளும் ஒழியும்.

மணலைப் படுகையின் சரிவில் மட்டும் தூவி, முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளித்து நனைக்க வேண்டும். பிறகு ஃபெவிகாலும் தண்ணீரும் சம அளவு கலந்து, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, சொட்டுக்குழாயால் விடுங்கள். நனைக்காமல் பசையை விட்டால் அது முத்துமுத்தாக உருண்டு மணலைக் குழிபறிக்கும். நாக்கு அசையும் இடத்திலிருந்து ஒரு விரற்கடை தூரத்துக்குப் பசை போகவே கூடாது.

பிளாட்பாரத்துக்கு நம்மூர் உயர் நடைமேடை 840 மி.மீ. வரை, 1:160இல் 5 மி.மீ. பிளக்ஸ் போர்டு கடைகளில் கிடைக்கும் 5 மி.மீ. சன்போர்டின் கனம் அச்சாக அதுவே. ஆனால் அந்த 5 மி.மீ. தண்டவாளத் தலையிலிருந்து அளப்பது, பலகையிலிருந்து அல்ல. யூனிட்ராக்கின் சொந்த உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்து, அவ்வளவுக்கு அடியில் இன்னொரு தட்டு கொடுக்க வேண்டும். விளிம்பைப் படுகையின் ஓரத்தோடு ஒட்டிவைத்தால் பாதையின் மையத்திலிருந்து 12.5 மி.மீ. கிடைக்கும், நேர்ப்பாதையில் அது போதும். வளைவுக்கு அருகில் பெட்டியின் முனை வெளியே வீசும். ஒட்டுமுன் நீளமான பெட்டியைத் தள்ளிப் பார்த்துவிடுங்கள்.

மனித உருவம் 10.6 மி.மீ., 15 மீட்டர் தென்னை 94 மி.மீ. இந்த இரண்டு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை தானாக அளவுக்கு வரும். உயரமான புல்லுக்குப் பூந்துடைப்பத்தின் நுனி, தரைப்புல்லுக்குச் சாயமேற்றிய மரத்தூள். காய்ந்த செடி எதுவானாலும் நீர்த்த பசையில் முக்கிக் காயவைத்த பிறகே நட வேண்டும், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். கட்டடத்தின் கண்ணாடி ஜன்னல் ஒட்ட ஃபெவிக்விக் ஆகாது, அதன் ஆவி கண்ணாடித் தாளில் வெள்ளையாகப் படரும்.

பராமரிப்பு

ஓட்டுவதற்கு முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் உதிராத துணியால் தண்டவாளத் தலையைத் துடைப்பது வழக்கமாகட்டும். உப்புத்தாள் போடாதீர்கள். பளபளப்பு வரும், ஆனால் அது போடும் கீறல்களில் அழுக்கு முன்பைவிட வேகமாகத் தங்கும். தண்டவாளம் நிக்கல் சில்வராக இருந்தால் இந்தத் துடைப்பே போதும். பழைய செட்டுகளில் வரும் இரும்புத் தண்டவாளம் கடலோர ஊர்களில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பாதை சுத்தமாக இருந்தும் இன்ஜின் விக்கினால் அழுக்கு சக்கரத்தில் இருக்கிறது. ஒரு டிஷ்யூ காகிதத்தை ஆல்கஹாலில் நனைத்துப் பாதையின் குறுக்கே போட்டு, இன்ஜினின் ஒரு போகியை அதன்மேலும் இன்னொன்றை வெறும் தண்டவாளத்தின் மேலும் வைத்து, கையால் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுங்கள். ஒரு பக்கச் சக்கரம் மின்சாரம் எடுக்க, மறுபக்கச் சக்கரம் காகிதத்தில் சுழன்று இரண்டு கறுப்புக் கோடுகளை விட்டுச்செல்லும். கோடு வெளிறும்வரை காகிதத்தை நகர்த்தி நகர்த்திச் செய்து, பிறகு இன்ஜினைத் திருப்பி அடுத்த போகி. எண்ணெய் ஊசிமுனையில் நிற்கும் அளவு, பிளாஸ்டிக்கைப் பாதிக்காதது என்று எழுதியிருப்பது மட்டும். தேங்காய் எண்ணெய் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மார்கழிக் குளிரில் அது பல்சக்கரத்துக்குள் உறைந்து இன்ஜின் அசையாமல் நிற்கும், வெயில் காலத்தில் பிசின் ஆகும்.

ஓட்டி முடித்ததும் வண்டிகளைப் பாதையிலேயே விடாமல் பெட்டியில் வைத்து, பலகையைப் பழைய பருத்தி வேட்டியால் மூடுங்கள். கம்பளியோ துண்டோ வேண்டாம், அவற்றின் நூல்தான் அச்சுகளில் சுற்றிக்கொள்ளும். நிமிர்த்திச் சுவரோடு சாய்த்து வைப்பதாக இருந்தால் கீழ் ஓரத்தை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும், தரை துடைக்கிற ஈரமும் கரையானும் ப்ளைவுட்டின் அந்த ஓரத்தில்தான் முதலில் ஏறும்.